மறுபடி ஓடியவர்களுக்கு ஒரு கல்

மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து கலிபோர்னியா வரை, அமெரிக்க மேற்கின் சாலையோரங்களில் கற்களும் வெண்கலத் தகடுகளும் நிறைய நிற்கின்றன. பெரும்பாலானவை 1860-ல் அந்த வழியே குதிரையில் தபால் கொண்டுபோன இளைஞர்களுக்கானவை. 'போனி எக்ஸ்பிரஸ்' என்ற பெயரும் பாய்ந்தோடும் குதிரையின் உருவமும் அவற்றில் பொறித்திருக்கும். இவற்றுக்கு நடுவே இன்னொரு வகைக் கல்லும் உண்டு. அந்த இளைஞர்கள் போன பாதையில் பல தலைமுறை கழித்து, அதே மாதிரித் தோல்பையைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தபடி மறுபடி குதிரையோட்டிப் போனவர்களைப் போற்றும் கல் அது.

ஒன்றைச் செய்தவருக்குக் கல் நடுவதில் குழப்பமில்லை. அதைத் திரும்பச் செய்து காட்டியவருக்கு எதற்குக் கல்? நம் ஊரில் நடுகல் ஆநிரை மீட்டு மாண்டவனுக்கு நட்டது. அவன் கதையை ஆடிக்காட்டியவனுக்கு நட்டதாகக் கேள்வியில்லை. 1860-ல் போனவன் கடிதம் சேரவேண்டும் என்பதற்காகப் போனான். இன்று போகிறவர் கொண்டுபோகும் கடிதத்தை விமானம் இன்னும் சீக்கிரமாகக் கொண்டு சேர்த்துவிடும். அப்படியானால் அவர் செய்வது என்ன?

இது வரலாற்று ஆர்வலர்களோடு முடிந்துபோகும் கேள்வி அல்ல. நடந்து முடிந்த ஒன்றை மறுபடி செய்யும்போது உண்மையிலேயே ஏதாவது நடக்கிறதா, அல்லது நடந்ததைப் போலக் காட்டுகிறோமா? உலகத்தின் முக்கியமான சடங்குகளில் பாதி இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கின்றன.

முதலில், நடந்தது என்ன என்று பார்த்துவிடலாம். 1860-ல் கிழக்கிலிருந்து வந்த ரயில் பாதை மிசௌரி ஆற்றோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் புல்வெளி, பாலைவனம், இரண்டு பெரும் மலைத்தொடர்கள், கடைசியில் தங்கம் தேடிப் போனவர்கள் நிறைந்த கலிபோர்னியா. வில்லியம் ரஸ்ஸல், அலெக்சாண்டர் மேஜர்ஸ், வில்லியம் வாடெல் என்ற மூன்று சரக்குப் போக்குவரத்து வியாபாரிகள் அந்தத் தூரத்தைப் பத்து நாளில் கடந்து காட்டுவதாகச் சொல்லி இறங்கினார்கள். ஏப்ரல் 3 அன்று மிசௌரியின் செயின்ட் ஜோசப் நகரத்திலிருந்து முதல் குதிரை கிளம்பியது. கலிபோர்னியாவில் போய்ச் சேரவேண்டிய சாக்ரமென்டோ அங்கிருந்து சுமார் 1,900 மைல், அதாவது 3,000 கிலோமீட்டருக்கும் மேல். சொன்னபடி பத்து நாளில் தபால் போய்ச் சேர்ந்தது.

இதன் சூட்சுமம் ஒரு தோல் விரிப்பில் இருந்தது. மோச்சிலா என்று பெயர். சேணத்தின் மேல் அப்படியே போர்த்துகிற மாதிரி நடுவில் துளை விட்டு வெட்டியிருப்பார்கள். நான்கு மூலைகளிலும் தோல்பெட்டிகள். மூன்றுக்குப் பூட்டு, நான்காவது வழியில் போட்டு எடுக்கிற தபாலுக்கு. இதைக் கட்டவோ முடிச்சுப் போடவோ வேண்டியதில்லை. சவாரிக்காரன் அதன் மேல் உட்கார்ந்தால் அவன் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து மைலுக்கு ஒரு நிலையத்தில் புதுக் குதிரை தயாராக நிற்கும். களைத்த குதிரையிலிருந்து மோச்சிலாவை உருவிப் புதுக் குதிரையின் மேல் வீசி, தாவி ஏறிப் பறப்பதற்கு இரண்டே நிமிடம் கணக்கு. எழுபத்தைந்து, நூறு மைலானதும் சவாரிக்காரனும் மாறிவிடுவான். ஆள் மாறுகிறான், குதிரை மாறுகிறது, மோச்சிலா மட்டும் இரவு பகலாகப் போய்க்கொண்டே இருக்கிறது. அரை அவுன்ஸ் கடிதத்துக்குத் தொடக்கத்தில் ஐந்து டாலர் கட்டணம். அதனால் மெல்லிய தாளில் பொடிப்பொடியாக எழுதி, எண்ணெய்ப் பட்டுத்துணியில் சுற்றி அனுப்பினார்கள்.

வியாபாரமாக அது படுதோல்வி. பத்தொன்பது மாதம்கூட முழுதாக ஓடவில்லை. 1861 அக்டோபர் 24 அன்று கண்டத்தின் இரு கரைகளையும் இணைக்கும் தந்திக்கம்பி பூர்த்தியானது. இரண்டே நாளில் போனி எக்ஸ்பிரஸ் மூடல் அறிவிப்பு வந்தது. முதலாளிகள் மூவரும் கடனில் மூழ்கினார்கள்.

இவ்வளவு சீக்கிரம் செத்துப்போன ஒரு கம்பெனி இன்றுவரை நினைவில் நிற்பதற்கு, அதை மறுபடி மறுபடி நடித்துக்காட்டியதும் ஒரு பெரிய காரணம். எருமை பில் என்று பெயரெடுத்த வில்லியம் கோடி 1883-ல் தொடங்கிய 'வைல்ட் வெஸ்ட்' காட்சியில் போனி எக்ஸ்பிரஸ் நிரந்தரமாக இடம்பெற்ற அம்சம். கூடாரத் திடலில் குதிரை பாய்ந்து வரும், மோச்சிலா கைமாறும், கூட்டம் ஆர்ப்பரிக்கும். தானும் சிறுவயதில் அந்தத் தபால் சவாரி செய்ததாகக் கோடி சொல்லிவந்தார். வரலாற்றாசிரியர்கள் பலர் அதை ஏற்கவில்லை. யார் யார் சவாரி செய்தார்கள் என்பதற்குக் கம்பெனியின் முழுமையான பெயர்ப் பட்டியலும் கிடைக்கவில்லை. அநாதைப் பையன்களாக இருந்தால் நல்லது என்று ஆள் கேட்டதாக எல்லாச் சுற்றுலாக் கடைகளிலும் விற்கிற அந்தப் புகழ்பெற்ற விளம்பரம் 1860-ன் பத்திரிகை எதிலும் அகப்பட்டதில்லை.

உண்மையாகவே ஓடியவர்களின் கதியோ வேறு. 1860 மே மாதம் நெவாடா பாலைவனத்தில், மாற்று ஆள் போக மறுத்ததால் போக வர ஏறக்குறைய 380 மைல் தபாலைச் சுமந்தவர் ராபர்ட் ஹாஸ்லம். 'போனி பாப்' என்றால் மேற்கு முழுக்கத் தெரியும். முதுமையில் அவர் சிகாகோவில் ஓர் ஓட்டலில் வேலை பார்த்து, 1912-ல் அங்கேயே இறந்தார்.

பிறகு வந்தவர்கள் வேடிக்கைக் காட்சிக்காக வரவில்லை. 1935-ல், எழுபத்தைந்தாம் ஆண்டில், சாரணச் சிறுவர்கள் பழைய பாதையில் குதிரையில் தபால் கொண்டுபோனார்கள். 1960-ல் நூற்றாண்டு ஓட்டம் நடந்தது. எழுபதுகளின் கடைசியில் தேசிய போனி எக்ஸ்பிரஸ் சங்கம் உருவாகி, ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் மறு ஓட்டத்தை நடத்தத் தொடங்கியது. மிசௌரி, கன்சாஸ், நெப்ராஸ்கா, கொலராடோ, வயோமிங், யூட்டா, நெவாடா, கலிபோர்னியா என எட்டு மாநிலங்கள். நூற்றுக்கணக்கான சவாரிக்காரர்கள். ஒரு வருடம் மேற்கு நோக்கி, மறுவருடம் கிழக்கு நோக்கி. சுமார் பத்து நாளுக்கு மோச்சிலா இரவிலும் நிற்பதில்லை. ஒவ்வொருவர் பங்கும் சில மைல்கள்தான். பின்னாலேயே குதிரை ஏற்றிய வண்டிகள் வரும். அதிகாலை மூன்று மணிக்குப் பாலைவனத்தின் நடுவே, வண்டி விளக்கின் வெளிச்சத்தில், தன் முறைக்காகச் சேணம் பூட்டிக் காத்திருக்கும் பள்ளி ஆசிரியரையோ பண்ணைக்காரரையோ பார்க்க அங்கே ஒரு கூட்டமும் இருக்காது. மோச்சிலாவுக்குள் இருப்பவை உண்மையான கடிதங்கள். முத்திரை குத்தி, வழி முடிந்ததும் தபால் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டு, உரியவர் வீட்டுக்குப் போகிறவை.

இனிக் கேள்விக்கு வரலாம்.

டென்மார்க்கின் சோரன் கியர்கெகோர் 1843-ல் 'மீள்நிகழ்வு' என்று ஒரு சிறுநூல் எழுதினார். அதில் வரும் ஒருவர், முன்பு பெர்லினில் மகிழ்ச்சியாகக் கழித்த நாட்களை அப்படியே மீட்டெடுக்க முடியுமா என்று சோதிக்கக் கிளம்புகிறார். அதே ஊர், அதே விடுதி, அதே நாடக அரங்கு. ஒன்றும் சரிப்படவில்லை. அறை மாறியிருக்கிறது, நாடகம் சலிக்கிறது, மனிதர் ஏமாந்து திரும்புகிறார். வெளிச் சூழ்நிலையைத் திரும்ப அடுக்கிவைத்தால் பழையது திரும்பிவிடாது என்பதை அந்தப் பகுதி காட்டிவிடுகிறது. இதே நூல் பிறகு பைபிளில் வரும் யோபுவிடம் போகிறது. எல்லாவற்றையும் இழந்து, எல்லாவற்றையும் மறுபடி பெற்ற மனிதன். கியர்கெகோருக்கு உண்மையான மீள்நிகழ்வு அந்தத் தளத்தில், கடவுளுக்கு முன்னால் நிற்கும் மனிதனுக்குத்தான் வாய்க்கும்.

ஆங்கில மெய்யியலாளர் காலிங்வுட் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார். அவர் இறந்தபின் 1946-ல் வெளியான 'வரலாற்றின் கருத்து' நூலில், கடந்தகாலத்தை அறிவது என்றால் அன்றைய மனிதனின் சிந்தனையை இன்றைய மனத்தில் மறுபடி நிகழ்த்துவது என்கிறார். அவர் பேசியது குதிரையையும் சேணத்தையும் பற்றியல்ல, எண்ணத்தைப் பற்றி. மறு ஓட்டக்காரர்களின் சிவப்புச் சட்டையும் மஞ்சள் கழுத்துத்துணியும் அணிந்து ஏறி உட்கார்ந்தால் மட்டும் 1860-ன் இளைஞனின் மனம் வந்துவிடாது என்று அவர் சொல்லியிருக்கக்கூடும். அது சரிதான். ஆனால் உடம்பை இவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிடவும் முடியாது. அடுத்த ஆள் இருட்டில் காத்திருப்பான், நான் தாமதித்தால் தொடர் அறுந்துவிடும் என்ற எண்ணம் நூலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தகவல். குதிரை மேல் இருப்பவருக்கு அது பதற்றம். அந்தப் பதற்றமும் ஓர் அறிவுதான்.

மதங்கள் இந்த இடத்தில் மெய்யியலைவிட அனுபவம் வாய்ந்தவை. மக்காவில் ஹஜ், உம்ரா செய்கிறவர்கள் சஃபா, மர்வா என்ற இரு குன்றுகளுக்கிடையே ஏழு முறை நடக்கிறார்கள். பாலைவனத்தில் விடப்பட்ட அன்னை ஹாஜர், தாகத்தில் தவித்த குழந்தைக்குத் தண்ணீர் தேடி அலைந்ததை நினைவுகூரும் நடை. இன்று அந்த வழி குளிரூட்டிய பளிங்குக் கூடம். பச்சை விளக்கு எரியும் பகுதியில் ஆண்கள் சற்று விரைந்து ஓடுவார்கள். அன்று அவருக்குக் கிடைத்த ஜம்ஜம் தண்ணீர் பக்கத்திலேயே குழாயில் கிடைக்கிறது. அங்கே யாரும் தண்ணீர் தேடவில்லை, யாருடைய குழந்தையும் தாகத்தால் சாகக் கிடக்கவில்லை. ஆனாலும் அது நடிப்பு என்று அங்கே போய் வந்த எவரும் சொல்வதில்லை. சூழ்நிலையை நகலெடுப்பது அந்த நடையின் நோக்கமே அல்ல. ஹாஜர் எந்த நம்பிக்கையில் ஓடினாரோ அந்த நம்பிக்கையைத் தன் காலில் ஏற்றுக்கொள்வதுதான் நோக்கம். மனத்தில் நிய்யத், அதாவது வழிபடும் எண்ணம், இல்லாமல் கால் மட்டும் நடந்தால் அது வழிபாட்டில் சேராது.

கிறிஸ்தவத்தில் இதே கேள்வி ஒரு திருச்சபையையே பிளந்தது. 1529-ல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் மதச் சீர்திருத்தவாதிகளான லூதரும் ஸ்விங்லியும் கூடிப் பேசினார்கள். கிறிஸ்துவின் கடைசி இராவிருந்தை மறுபடி கொண்டாடும்போது அவர் அந்த அப்பத்தில் உண்மையாகவே இருக்கிறாரா, அல்லது அது அவரை நினைவுகூரும் செயலா? லூதர் இருக்கிறார் என்றார். நினைவுகூர்தல் என்றார் ஸ்விங்லி. மற்ற பெரும்பாலான விஷயங்களில் ஒத்துப்போன இருவரும் இதில் ஒன்றுபடாமலே பிரிந்தார்கள். திரும்பச் செய்வது என்பது சாதாரண விஷயமாக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

போனி எக்ஸ்பிரஸ் ஒரு சடங்கல்ல, ஒரு கம்பெனி. மதங்களோடு அதைச் சேர்த்துப் பேசுவது பொருந்தாதே என்று ஒருவர் கேட்கலாம். ஆனால் அதன் நடுவிலும் ஒரு மதச் செயல் இருந்தது. பங்காளிகள் மூவரில் அலெக்சாண்டர் மேஜர்ஸ் ஆழ்ந்த பக்திமான். தன்னிடம் வேலைக்கு வந்தவர்கள் கடவுளின் பெயரால் ஒரு சத்தியம் செய்யவேண்டும் என்று வைத்திருந்தார்: கெட்ட வார்த்தை பேசமாட்டேன், குடிக்கமாட்டேன், உடன் வேலை பார்ப்பவரோடு சண்டையிடமாட்டேன், நேர்மையாக இருப்பேன். கூடவே ஒரு பைபிளும் கொடுத்தார்.

அந்தச் சத்தியம் எவ்வளவு தூரம் காப்பாற்றப்பட்டது? 1860-ல் அதே கம்பெனியின் கோச்சு வண்டிகளில் இந்த வழியே போன ஆங்கிலப் பயணி ரிச்சர்ட் பர்ட்டன், மேஜர்ஸின் பைபிளையும் விதிகளையும் பற்றித் தன் பயணநூலில் எழுதிவிட்டு, குடிக்காத வண்டியோட்டி ஒருவரைக்கூடத் தான் பார்த்தது அபூர்வம் என்று சேர்த்தார்.

இன்றைய மறு ஓட்டத்தில் சேருகிறவர்களும் அதே சத்தியத்தைச் சொல்கிறார்கள். சம்பளத்துக்காக அல்ல; சம்பளமே கிடையாது. கையெழுத்துப் போட்டால்தான் வேலை என்ற நிர்ப்பந்தமும் இல்லை. சொல்லவேண்டும் என்று விரும்பிச் சொல்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால், மேஜர்ஸ் கேட்ட சத்தியம் 1860-ஐவிட இன்றுதான் அவர் கேட்ட மனநிலையில் சொல்லப்படுகிறது. பின்னால் வந்தவர் முன்னால் போனவரைவிட அந்த வாக்குக்கு நெருக்கமாக நிற்க முடியும். திரும்பச் செய்தல் எப்போதும் ஒரு படி தாழ்ந்ததுதான் என்ற எண்ணம் இங்கே உடைகிறது.

இன்னொரு நிகழ்ச்சி, இதைவிடக் கறாரானது. 1983 வசந்தத்தில், சியரா நெவாடா மலையில் பெரிய மண்சரிவு ஏற்பட்டு 50-ஆம் எண் நெடுஞ்சாலை அடைபட்டது. பழைய போனி எக்ஸ்பிரஸ் பாதை போன பகுதி அது. வண்டி போகமுடியாத அந்த இடைவெளியில், அரசுத் தபாலைக் குதிரை மேல் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் இந்த மறு ஓட்டச் சங்கத்தினர். விழாவுக்காக எழுதிய நினைவுக் கடிதங்கள் அல்ல, அன்றாடத் தபால். ஆண்டுதோறும் ஒத்திகை போலப் பார்க்கப்பட்ட ஒன்று அந்த வசந்தத்தில் தேவையாகிவிட்டது. பாதை தெரிந்த ஆட்களும் மலையில் பழகிய குதிரைகளும் கைமாற்றும் ஒழுங்கும் தயாராக இருந்ததால்தான் அது முடிந்தது. திரும்பத் திரும்பச் செய்வது ஒரு திறமையை உயிரோடு வைத்திருக்கிறது. அன்று மலையின் அந்தப் பக்கம் கடிதம் வாங்கியவருக்கு அதைக் கொண்டுவந்தவர் தபால்காரர், அவ்வளவுதான்.

ஆகவே கல் நியாயமானது. ஆனால் இந்த மறு ஓட்டம் தன் சொந்தக் கதையில் ஒரு பகுதியைச் சரியாகச் சொல்லவில்லை என்றால், இத்தனை நேரம் சொன்ன பெருமையெல்லாம் பாதியாகிவிடும்.

ஹாஸ்லம் அந்த 380 மைலை ஏன் ஓடவேண்டியிருந்தது? மாற்று ஆள் ஏன் போக மறுத்தான்? அப்போது நெவாடாவில் போர். 1859-ல் அங்குள்ள காம்ஸ்டாக்கில் வெள்ளி கிடைத்ததும் ஆயிரக்கணக்கானோர் பயூட் பழங்குடி மக்களின் நிலத்தில் வந்து இறங்கினார்கள். அந்த மக்கள் குளிர்காலத்துக்குக் கொட்டை சேர்த்துவைத்த பின்யோன் மரங்கள் சுரங்கத்துக்கும் விறகுக்கும் வெட்டப்பட்டன. 1860 மே மாதத் தொடக்கத்தில், கார்சன் ஆற்றங்கரையில் இருந்த வில்லியம்ஸ் நிலையத்தில் இரண்டு பயூட் சிறுமிகளைப் பிடித்து அடைத்துவைத்திருந்தார்கள். பயூட் எழுத்தாளர் சாரா வின்னமக்கா 1883-ல் வெளியிட்ட தன் நூலில் இதை எழுதியிருக்கிறார். சிறுமிகளை மீட்க வந்தவர்கள் அங்கிருந்தவர்களைக் கொன்று நிலையத்தைக் கொளுத்தினார்கள். பழிவாங்கப் புறப்பட்ட தன்னார்வப் படை மே 12 அன்று பிரமிட் ஏரிக்கருகே பெருந்தோல்வி கண்டது. போர் வேண்டாம் என்று தன் மக்களிடம் மன்றாடிய தலைவர் நுமாகாதான், வேறு வழியில்லாமல் போனதும் அந்தப் போரை முன்னின்று நடத்தினார். அடுத்த மாதம் இன்னும் பெரிய படை வந்தது. குதிரை நிலையங்கள் எரிந்தன, நிலைய ஆட்கள் இறந்தார்கள், தபால் சில வாரங்கள் நின்றுபோனது.

பாய்ந்தோடும் குதிரையின் உருவம் பொறித்த கல்லில் இதற்கு இடம் இருக்கிறதா? பெரும்பாலும் இல்லை. இருந்தால் 'செவ்விந்தியர் தாக்குதல்' என்ற அளவில்தான், ஏதோ புயல், மழை மாதிரி. சிறுமிகள் இல்லை, மரங்கள் இல்லை, நுமாகா இல்லை.

திரும்ப நிகழ்த்துவதில் கைதேர்ந்த ஒரு மரபு இதை எப்படிக் கையாள்கிறது என்று பார்க்கவேண்டும். யூதர்களின் பஸ்கா விருந்து எகிப்திலிருந்து கிடைத்த விடுதலையை ஒவ்வொரு தலைமுறையும் தனக்கே நடந்ததாக எண்ணி நிகழ்த்தும் இரவு. கசப்புக் கீரை, புளிக்காத அப்பம், நான்கு கிண்ணம் திராட்சைரசம். எகிப்தின் மேல் விழுந்த பத்து வாதைகளைச் சொல்லும்போது, ஒவ்வொன்றுக்கும் கிண்ணத்திலிருந்து ஒரு துளியை எடுத்து வெளியே விடுகிறார்கள். எதிரிகளும் மனிதர்கள், அவர்கள் பட்ட துன்பத்தின் முன்னால் நம் மகிழ்ச்சிக் கிண்ணம் நிரம்பி இருக்கக்கூடாது என்பது பல குடும்பங்களில் இதற்குச் சொல்லப்படும் விளக்கம். தன் வெற்றியைக் கொண்டாடும் சடங்குக்குள்ளேயே எதிர்ப்பக்கத்தின் துயரத்துக்கு ஓர் இடம். குழந்தைகள் கையாலேயே அதைச் செய்கிறார்கள், அதனால் மறப்பதில்லை.

போனி எக்ஸ்பிரஸ் பாதை 1992-லிருந்து தேசிய வரலாற்று வழித்தடம். பிரமிட் ஏரி இன்றும் பயூட் மக்களின் ஒதுக்கீட்டு நிலத்துக்குள் இருக்கிறது. அவர்கள் எங்கும் போய்விடவில்லை. ஜூன் மாதத்தில் மோச்சிலா நெவாடாவைக் கடக்கும்போது, கார்சன் ஆற்றுப் பக்கத்தில் ஒரு நிலையத்தில் ஐந்து நிமிடம் அதை நிறுத்திவைக்கலாம். இரண்டு நிமிடத்தில் குதிரை மாற்றுகிற ஓட்டத்தில் ஐந்து நிமிடம் பெரிய விலை. அதனால்தான் அதற்கு அர்த்தம் உண்டு. அந்த நேரத்தில் அங்கே நடந்ததைச் சத்தமாகச் சொல்ல பயூட் மக்களில் ஒருவரை அழைக்கலாம். அடுத்த கல்லை நடும்போது, மறுபடி ஓடியவர்களின் பெயர்களுக்குக் கீழே நுமாகாவின் பெயரையும், பெயர் எழுதப்படாமல் போன அந்த இரண்டு சிறுமிகளைப் பற்றி ஒரு வரியையும் பொறித்துவிடுங்கள்.